இரண்டு கார்டுகள், ஒரு சந்தனப் பொட்டு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மின்சார ரயிலில் இடம் கிடைத்தாலும் கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வேன். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினால், ஆள் நிரம்பட்டும் என்று டிரைவர் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பெரும்பாடு. ஏறுவேன், இறங்குவேன், மணி பார்ப்பேன், மறுபடி ஏறுவேன். "இன்னா மேடம், சீட்ல முள்ளா கீது?" என்று ஒரு டிரைவர் கேட்டே விட்டார். திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பது வீட்டில் எனக்கு நிலைத்துவிட்ட பட்டம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ காத்திருக்கிற வேலை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் சிஸ்டம்ஸ் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்ற பெயர்தான் பெரிசு, ஆள் நான் ஒருத்திதான். பேக்கப் ஓடும், நான் நிற்பேன். புது மென்பொருள் ஏறும், நான் நிற்பேன். திரையில் ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து மறுகரை சேருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறந்த அன்று, ஆட்டோ இன்னும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தபோதே போன் வந்துவிட்டது. "மேடம், லீக் டெஸ்ட் எழுந்திருக்கல." அதற்குமேல் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்கள். காலியாக இருந்த இரண்டு சீட்டுக்கும் நானே தருகிறேன், வண்டியை எடுங்கள் என்று டிரைவரிடம் கத்தினேன்.

லீக் டெஸ்ட் பெஞ்ச் என்பது எங்கள் ஆலையின் கடைசி வாசல். வாட்டர் பம்பின் அலுமினிய உடலைச் செய்து, கடைந்து, கழுவி முடித்ததும் அந்தப் பெஞ்சில் வைத்து உள்ளே காற்றை அடைப்பார்கள். காற்று இறங்கினால் எங்கோ ஓட்டை, இறங்காவிட்டால் பாஸ். ஒவ்வொரு துண்டின் முடிவும் ஒரு டிஸ்க்கில் பதிவாகும். அந்தப் பதிவு இல்லாத ஒரு பெட்டியைக்கூடக் கார் கம்பெனி இறக்கிக்கொள்ளாது. வெளிநாட்டில் எங்கோ ஓடிக் களைத்த பெஞ்சை, பழையதாக விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். அதன் வயிற்றுக்குள் அதைவிடப் பழைய ஒரு கணினி. அதில் யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிஸ்டம் ஓடுகிறது. மௌஸ் கிடையாது, படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. மற்றவர்களுக்கு அதைக் கண்டாலே பயம். எனக்குப் பிடிக்கும். கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைப் பற்றி வாய் திறக்காது.

நான் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். குவாலிட்டி மேனேஜர் நடுவில் நின்றிருந்தார். கணினி இருந்த இரும்புப் பெட்டியின் கதவில் சிவப்பு அட்டை தொங்கியது. கதவும் சட்டமும் சேரும் இடத்தில் டேப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். எங்கள் ஆலையில் சிவப்பு அட்டை என்றால் யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம்.

"யாரோ பெட்டியைத் திறந்திருக்காங்க. பூட்டு சரியா விழல. நாளைக்கு ஒய்-ஒய் வைக்கிறேன். அதுவரைக்கும் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது, நீங்களும்தான்" என்றார்.

"திறக்காம எப்படி சார் சரி பண்றது?"

"சாயங்காலம் லாரி போகணும் மேடம். அதையும் பாத்துக்கங்க."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவரால்தான் முடியும். கெட்டவர் இல்லை. ஆனால் ஒய்-ஒய் என்றால் அவருக்கு ஒரு பைத்தியம். எந்த ஆலையிலும் உள்ள வழக்கம்தான் அது. ஏதாவது கெட்டுப்போனால் வெள்ளைப் பலகை முன்னால் எல்லோரையும் நிறுத்தி ஏன் என்று கேட்பார்கள். வந்த பதிலுக்கும் ஏன். அதற்கு வந்த பதிலுக்கும் ஏன். ஐந்து ஏன் கேட்டு முடித்தால் வேர் கிடைத்துவிடும் என்பது கணக்கு. எங்கள் ஆலையில் பெரும்பாலும் மூன்றாவது ஏனிலேயே ஒரு ஆள் கிடைத்துவிடுவார், விசாரணை அதோடு முடிந்துவிடும்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "கான்ட்ராக்ட் ஆளுங்களோட நிரந்தர ஆர்டர் லிஸ்ட் என் டேபிள்லதான் இருக்கு. யார் திறந்தாங்கன்னு தெரியாம நான் அதுல கையெழுத்துப் போடப் போறதில்ல."

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். ஆலை முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், மேனேஜரைவிட மூத்த ஆபரேட்டர்கள் உட்பட. அந்த லைனின் லீடர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமம், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். நெற்றியில் பொட்டு கிடையாது, நேரம் தவறுவது கிடையாது. பெஞ்ச் கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அதோடு இருப்பவர், ஆனால் இன்னும் கான்ட்ராக்ட். எங்கள் பக்கத்து ஆலைகளில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நடுநடுவே 'பிரேக்' விடுவார்கள். தொடர்ச்சியாக வேலை பார்த்ததாக யாரும் கேட்டுவிடக் கூடாதே, அதற்காகச் சில வாரம் வீட்டில் உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு பிரேக்கிலும் அக்கா வீட்டில் சண்டை. அவர் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், ஓடினால் உண்டு. இந்த முறை அக்காவின் பெயர் லிஸ்டில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கேன்டீனில் அவருக்கு வாழ்த்துகூடச் சொல்லியாகிவிட்டது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. காலி டிரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த டிரேக்கள்தான் அவை.

நான் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டேன். திரையில் கடைசி வரி, ரூட் கிடைக்கவில்லை என்றது. ரூட் என்றால் சிஸ்டம் குடியிருக்கும் டிஸ்க். டிஸ்க் செத்துவிட்டது என்றுதான் லைனில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்த மாதிரி டிஸ்க்கை இன்று எங்கே போய்த் தேடுவது? ஆனால் சிஸ்டம் முழுசாக மயங்கவில்லை. எழுப்பிவிடும் கர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, தனியாக ஒரு சின்ன ஃப்ளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அது எழுந்து வந்து, அடுத்து எங்கே போகட்டும் என்று கேட்டபடி நின்றிருந்தது. ஒரு கேள்விக்குறியைத் தட்டினேன். உனக்கு எந்தெந்த டிஸ்க் தெரிகிறது என்று அதற்கு அர்த்தம். இரண்டு டிஸ்க்கையும் காட்டியது. இரண்டும் உயிரோடுதான் இருந்தன. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

எது என்ன ஆயிற்று என்று மேலே வரிவரியாக ஏறிப் பார்த்தேன். அந்தப் பெட்டிக்குள் இரண்டு கன்ட்ரோலர் கார்டுகள் உண்டு. கார்டு ஒன்றுக்கு டிஸ்க் ஒன்று. ஒரு டிஸ்க்கில் சிஸ்டம், இன்னொன்றில் சோதனைப் பதிவு. கார்டுகள் வேறு வேறு சிப் கொண்டவை, ஆகவே அவற்றோடு பேசும் டிரைவர் என்ற குட்டி நிரலும் வேறு வேறு. பார்வைக்கு மட்டும் இரட்டைப் பிள்ளைகள். கர்னல் எழும்போது, கார்டுகள் சொருகியிருக்கும் ஸ்லாட் வரிசைப்படி தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். முதலில் குரல் கொடுக்கும் கார்டின் டிஸ்க்குக்குப் பூஜ்ஜியம், அடுத்ததற்கு ஒன்று என்று பெயர் வைக்கும். சிஸ்டம் பூஜ்ஜியத்தில் இருக்கிறது என்று அதற்கு யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்று முதலில் குரல் கொடுத்தது பதிவு டிஸ்க்கின் கார்டு. அதில் போய் ரூட்டைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆக, கார்டுகள் இடம் மாறியிருந்தன. தானாக மாறுமா? யாரோ கழற்றி, மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்து இரண்டையும் இடம் மாற்றினால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. யாருக்கும் தெரியாமலேகூடச் செய்துவிடலாம். ஆனால் கதவில் சிவப்பு அட்டை, டேப், மேனேஜரின் சுழித்த கையெழுத்து. எனக்கு வந்த எரிச்சலில் அந்த அட்டையைப் பிய்த்து அவர் மேஜையிலேயே போட்டுவிட்டு வரலாமா என்றிருந்தது.

சிஸ்டம் டிஸ்க்கின் இன்றைய பெயரைக் கையால் தட்டிக் கொடுத்தேன். எழுந்தது. கூட்டம் கைதட்டியது. "இருங்க, இருங்க" என்றேன். சோதனை நிரல் பழைய பெயரைத்தான் தேடும், அது அதன் எலும்பிலேயே எழுதியிருக்கிறது. பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவும் ஒன்று ஒன்றாகவும் இருந்தால்தான் அது வாயைத் திறக்கும். நிரலை மாற்ற அதன் மூல வரிகள் எங்களிடம் இல்லை, எழுதியவன் எந்த நாட்டில் இருக்கிறானோ. அப்படியானால் ஒரே வழிதான். பெயரை, கார்டைக் கண்டுபிடித்த வரிசைக்கு விடாமல், டிரைவரோடு சேர்த்துக் கட்டிப்போட வேண்டும். இந்த டிரைவர் பார்த்துக்கொள்ளும் கார்டு எந்த ஸ்லாட்டில் இருந்தாலும் அதன் டிஸ்க் பூஜ்ஜியம். அந்த டிரைவரின் கார்டு எங்கே இருந்தாலும் ஒன்று. எழுதுவதற்கு நாலைந்து வரிதான். ஆனால் அந்தக் காலத்துச் சிஸ்டத்தில் அந்த வரிகளைக் கர்னலுக்குள்ளேயே வைத்து, கர்னலைப் புதிதாகக் கட்ட வேண்டும். அந்தக் கிழட்டுக் கணினியில் கர்னல் கட்டுவது என்றால் அரை நாள் போய்விடும்.

கட்டச் சொல்லிவிட்டு எழுந்தேன். இனி எனக்கு என்ன வேலை? காத்திருப்பதுதான்.

லைனின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஃபோர்க்லிஃப்ட்டில் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. கேட் பக்கம் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் தார்மேல் இருந்தது. மெஷின்களில் மட்டும் ஒரு பொட்டு இல்லை. வழக்கமாக ஆயுத பூஜை முடிந்தால் எல்லா மெஷினும் சந்தனமும் குங்குமமுமாகக் கல்யாணப் பெண் போல நிற்கும், அடுத்த வருடம் வரை அந்தக் கறை இருக்கும். இந்த வருடம் பூஜைக்கு முந்தைய மாதம் கார் கம்பெனி ஆடிட் வந்தது. ஆடிட்டுக்கு முன்னால், மெஷினில் ஒரு பொட்டு, ஒரு ஸ்டிக்கர், ஒரு சாமி படம் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அடுத்த ஆடிட்டும் பக்கத்திலேயே இருந்ததால் பூஜையன்று வாசலில் ஒரு பொட்டு வைத்ததோடு சரி.

கழுவும் இடத்தில் அக்கா தனியாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கிற ரகம் இல்லை.

"அக்கா, பெட்டியைத் திறந்தது நீங்களா?"

"நானா? நான் பொரி கடலை பங்கு போட்டுகினு இருந்தேன் மேடம். யார வேணா கேளுங்க."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொரி கடலை பங்கு போட்டதும் உண்மைதான், நானே அவர் கையால் வாங்கியிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கர்னல் கட்டி முடிந்தது. பழையதை வேறு பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதியதை எழுப்பினேன். எழுந்தது, ஒரே ஒரு கார்டோடு. இன்னொரு கார்டின் சத்தமே இல்லை. பார்த்தால், அவசரத்தில் ஒரு டிரைவரின் வரியை நானே தூக்கிவிட்டிருக்கிறேன். டிரைவர் இல்லாத கார்டு பேச்சுத் துணையில்லாத ஆள் மாதிரி, பெட்டிக்குள் இருந்தும் இல்லை. பெஞ்சின் காலை ஓங்கி உதைத்தேன். வலித்தது என் காலுக்குத்தான். வரியைத் திரும்பச் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து கட்டச் சொன்னேன். இந்தத் தடவை முன்பு கட்டியதில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாப்பிடப் போகவில்லை. போனாலும் இறங்கியிருக்காது.

அப்போதுதான் அக்கா ஒரு டம்ளர் மோரோடு வந்தார். டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்தபடி நின்றார்.

"டிஸ்க்கு பூட்ச்சா மேடம்?"

"இல்லக்கா. டிஸ்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கார்டும் இடம் மாறிக் கிடக்குது. அவ்வளவுதான்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன், அழவில்லை, மூச்சு வாங்கினார்.

"டிஸ்க்கே பூடுமோன்னு நெனச்சி லீவு பூரா தூங்கல மேடம். நான்தான் தொறந்தேன். வருசா வருசம் தொறப்பேன். உள்ளாற அலுமினியத் தூளு, எண்ணெ, எல்லாம் அப்பிகினு கெடக்கும். கார்ட எடுத்து, பனியன் வேஸ்ட்ல தொடைச்சி, ப்ளோயர் அடிச்சி, திருப்பி சொருகிடுவேன். யாரும் சொல்லல, நானேதான் செய்வேன். மூச்சு முட்டிகினு எத்தினி நாளு ஓடும் அது?"

"மாறிடாதாக்கா? ரெண்டும் ஒண்ணு மாதிரில்லா இருக்கு."

"அதுக்குத்தான பொட்டு." நான் புரியாமல் பார்த்ததும் சொன்னார். "மேல ஸ்லாட்டுக்கு ஒரு சந்தனம், அதுல இருக்குற கார்டுக்கு ஒரு சந்தனம். பூஜ அன்னிக்கு கையில சந்தனம்தான கீது? பொட்டு வெச்சது மேல, வெக்காதது கீழ. கண்ண மூடிகினு சொருகுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க பொட்டு வைக்க மாட்டீங்களேக்கா."

"நான் வெச்சிக்க மாட்டேன். கார்டுக்கு வெக்கக் கூடாதுன்னு பாஸ்டர் ஒண்ணும் சொல்லலியே" என்றார். அவரும் லேசாகச் சிரித்தார், பிறகு முகம் இறங்கிவிட்டது. "ஆடிட்டு வருதுன்னு எல்லாத்தையும் அழிக்க சொன்னாங்கல்ல. பெட்டிக்குள்ளயும் பாப்பாங்க, உள்ளாறயும் தொடைங்கன்னு சாரே வந்து நின்னுகினு சொன்னாரு. தொடைச்சிட்டேன். கார்டு அப்ப ஸ்லாட்லயேதான் இருந்துச்சி, அதனால ஒண்ணும் தெரியல. பூஜைக்கு ரெண்டையும் உருவி கையில எடுத்தப்புறம்தான் மேடம் ஞாபகமே வந்துச்சி. எது மேல, எது கீழன்னு தெரியல. குத்துமதிப்பா சொருகிட்டேன்."

திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டே இருந்தன.

"சாரு லிஸ்ட்ல என் பேர அடிச்சிடுவாரா மேடம்?" என்றார் அக்கா.

தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. மோரைக் குடித்தேன்.

வெயில் தாழ்வதற்குள் இரண்டாவது கர்னல் எழுந்தது. இரண்டு கார்டும் இருந்த இடத்திலேயே இருந்தன, தலைகீழாக. ஆனால் சிஸ்டம் டிஸ்க் பூஜ்ஜியம், பதிவு டிஸ்க் ஒன்று. சோதனை நிரல் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து, முதல் துண்டை வை என்றது. அக்கா வைத்தார். காற்று இறங்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. லாரி இருட்டுவதற்கு முன்னால் கேட்டைத் தாண்டியது.

மறுநாள் காலை ஒய்-ஒய். வெள்ளைப் பலகை முன்னால் மேனேஜர், மார்க்கரும் கையுமாக. சுற்றி ஒவ்வொரு லைனின் லீடர்களும். அக்கா கடைசியில், கதவுப் பக்கம். ஓடிவிடலாம் என்று நிற்பவர் போல ஒரு கை கதவின்மேல் இருந்தது. இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை.

"முதல் ஏன். பெஞ்ச் ஏன் நின்னுச்சு?"

"சிஸ்டம் எழுந்திருக்கல சார்."

"ஏன் எழுந்திருக்கல?"

"பதிவு டிஸ்க்கைச் சிஸ்டம் டிஸ்க்குன்னு நினைச்சுக்கிச்சு."

"ஏன் அப்படி நினைச்சுது?"

"கார்டை எந்த வரிசையில பாக்குதோ அந்த வரிசையில பேர் வைக்கும் சார். பெஞ்ச் வந்த நாள்ல இருந்து டிரைவர் கான்ஃபிகரேஷன் அப்படித்தான் இருந்திருக்கு. கார்டு இடம் மாறினா பேரும் மாறும். நேத்து அதைக் கட்டிப்போட்டுட்டேன். இனிமே மாறாது."

எழுதினார். எழுதி முடித்துத் திரும்பினார். எனக்குத் தெரியும் அடுத்தது என்ன என்று. அங்கேதான் ஆள் கிடைக்கும்.

"நாலாவது ஏன். கார்டு ஏன் இடம் மாறுச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவைப் பார்க்காமல் இருக்க நான் பலகையையே முறைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் நடுங்கும். நடுங்கினால் நடுங்கட்டும் என்று பேசினேன்.

"பூஜைக்கு வருஷா வருஷம் கழட்டித் துடைச்சுத்தான் மாட்டுதாங்க சார். துடைக்கலைன்னா அந்தக் கணினி எப்பவோ செத்திருக்கும். இதுவரைக்கும் ஒரு தடவைகூட மாறல, ஏன்னா உள்ளே அடையாளம் இருந்துச்சு. இந்த வருஷம் அடையாளம் இல்ல."

"அஞ்சாவது ஏன்" என்று அவர் பழக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார். "அடையாளம் ஏன்..."

மார்க்கர் நின்றது. அவர் பின்னங்கழுத்து மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது மெல்லச் சிவந்தது. பெட்டிக்குள்ளேயும் துடையுங்கள் என்று பக்கத்தில் நின்று சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சொல்லத் துடித்த நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அசையாமல் நின்ற நேரங்களில் அதுவும் ஒன்று.

எழுதத் தொடங்கிய ஐந்தாவது ஏனை அவரே உள்ளங்கையால் அழித்தார். "நாலு போதும்" என்றார். கீழே, டிரைவர் கான்ஃபிகரேஷன் மாற்றப்பட்டது, முடிந்தது என்று எழுதி மார்க்கரை மூடினார். யார் என்று கடைசிவரை கேட்கவில்லை. போகும்போது பெஞ்ச் பக்கம் போய்ச் சிவப்பு அட்டையைத் தானே கழற்றிக்கொண்டு போனார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"இனிமே கவலையே இல்லக்கா! எந்தக் கார்டை எந்த ஸ்லாட்ல சொருகினாலும் அது பாட்டுக்கு எழுந்துக்கும். பொட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். யார் வேணாலும் கழட்டலாம், யார் வேணாலும் மாட்டலாம்."

"அப்டியா மேடம்" என்றார் அக்கா. லைன் ஓட ஆரம்பித்துவிட்டது என்று போய்விட்டார்.

நான் எதிர்பார்த்தது அது இல்லை. ஒரு நன்றியைச் சொல்லவில்லை, வழக்கம்போல வடு மாங்காய் கொண்டுவருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் பார்த்தால் சிரிப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். மோர் வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. ஒருவர் என்னிடம் முகம் கொடுக்காவிட்டால் எனக்கு வேலையே ஓடாது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று போகிற வருகிற ஆட்டோவில் எல்லாம் யோசித்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் ஆர்டர் வந்துவிட்டது. லிஸ்டில் அக்காவின் பெயர் இருந்தது, மேனேஜரின் அதே சுழித்த கையெழுத்தோடு. அக்கா லட்டு டப்பாவோடு லைன் லைனாகப் போனார். எனக்கு மட்டும் இரண்டு கொடுத்தார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அவரை மடக்கிவிட்டேன்.

"என்னக்கா, எம்மேல என்ன கோவம்? சொல்லிட்டுப் போங்க."

"கோவம்லாம் இல்ல மேடம். நீங்க இல்லாங்காட்டி இந்த ஆர்டரு ஏது? எம் புருசன்கிட்டயும் அதத்தான் சொன்னேன்."

"பின்ன என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

அக்கா லட்டு டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பஸ் டிரைவர் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல நின்னுகினு இருந்தேன்ல. பெஞ்சு ஏன் நின்னுச்சி, ஏன் நின்னுச்சின்னு சாரு கேட்டுகினே கீறாரு. ஒரு நாளு நின்னதுக்கு அத்தினி ஏன். இத்தினி வருசம் நிக்காம ஓடுச்சே மேடம், அது ஏன்னு யாருனா ஒரு வாட்டி கேட்டீங்களா? நீங்களும் வந்து, இனிமே யாரு வேணா மாட்டலாம்னு சொல்லிட்டு பூட்டீங்க."

டிரைவர் ஹார்ன் அடித்தார். "வரேன் மேடம்" என்று அக்கா ஏறிவிட்டார்.

நான் நின்றேன். பஸ் பின்வாங்கி, வளைந்து, கேட்டை நோக்கி நகர்ந்தது. அதன் பிறகுதான் என் கால்களுக்குச் சுரணை வந்தது. ஓடினேன். அக்காவின் ஜன்னலைத் தட்டினேன். வேகத்தடைக்காக பஸ் மெதுவாகிற இடம். அவர் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்.

"ஏன்க்கா? இத்தனை வருஷம் ஏன் நிக்கல?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"நான் இருந்தேன் மேடம். அதான்."